பெய்த மழைக்குச் சைபர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள்ளாகவே வேலையை மாற்றிக்கொண்டதாகச் சொன்னான். நான்கு வருடத்தில் இது மூன்றாவது வேலை. பழைய இடத்தில் என்ன குறை என்று கேட்டேன். குறை ஒன்றும் இல்லையாம். புது இடத்தில் சம்பளம் கூடுதலாம். செய்கிற வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டுத் தொலைத்தேன். பரணில் கிடக்கும் டைப்ரைட்டரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான்.

"வேலைன்னா காசுக்குத்தானப்பா? நீ மட்டும் இன்னா, சும்மாவா போய் ஒக்காந்த?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளையாக என் கைபேசி 'டிங்' என்றது. யாரோ ஒரு குழுவில் அனுப்பியிருந்தார்கள்: கல்வராயன் மலையில் இன்று காலை வரை 62.5 மி.மீ. மழை. நான் வெளியே எட்டிப் பார்த்தேன். கள்ளக்குறிச்சியில் வெயில் பிளந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. மலையில் பெய்வதற்கும் ஊரில் பெய்வதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்தச் சாதாரண விஷயத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு இன்கிரிமெண்ட் செலவாயிற்று.

அந்தப் புள்ளி ஐந்துதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வெள்ளையன் புள்ளி வைக்கமாட்டார். 'அறுவத்திரெண்டு அர' என்று எழுத்தில் எழுதுவார். தாளை மூக்கருகே கொண்டுபோனால் அடுப்புப் புகையும் வெற்றிலையும் கலந்த ஒரு வாசனை வரும். புகை அவர் வீட்டுடையது. வெற்றிலை கண்டக்டருடையது.

விளங்கச் சொல்கிறேன். எனக்கு இருபத்துநான்கு வயதில் கள்ளக்குறிச்சியில் ஒரு சர்க்கார் ஆபீசில் வேலை கிடைத்தது. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அங்கே என்னோடு இருந்தவர்கள் பலர் இப்போது நிம்மதியாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், கெடுப்பானேன். என் மேசைக்கு வந்த வேலைகளில் ஒன்று மழை. நம் பக்கத்தில் அங்கங்கே மழைமானி வைத்திருந்தார்கள். தகர உருளை, அதன் தலையில் ஒரு புனல், உள்ளே ஒரு புட்டி. காலை எட்டரை மணிக்குப் புட்டியில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான். அதை எனக்குத் தெரிவிக்கவேண்டும். நான் எல்லாவற்றையும் தொகுத்து, பன்னிரண்டு மணிக்குக் கடலூருக்கு டிரங்கால் போட்டுச் சொல்லவேண்டும். அப்போது எங்களுக்கு ஜில்லாத் தலைநகர் கடலூர். டிரங்காலில் 'இருபது' என்று கத்தினால் அந்த முனையில் 'அறுபதா?' என்பார்கள். அறுபதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்ட நாட்களும் உண்டு.

கரியாலூருக்கு அப்பால் மலைமேல் ஒரு சின்ன ஊரில் இருந்த மழைமானியைப் பார்த்துக்கொண்டவர்தான் வெள்ளையன். மலைவாசி. பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு. அந்த வேலைக்குச் சம்பளம் என்று பெயரில்லை; 'மதிப்பூதியம்' என்று பெயர். மதிப்பு பெயரிலேயே இருந்ததால் தொகையில் அதைக் காட்டவேண்டிய அவசியம் சர்க்காருக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மலையிறங்கி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். வந்துபோகிற பஸ் சார்ஜும் ஒரு வேளைச் சாப்பாடும் போனால் மிச்சம் கொஞ்சம் நிற்கும். என் ஒரு மாதச் சம்பளம் அவருக்கு நான்கு வருடத்துக்குக் கொடுத்ததைவிட ஜாஸ்தி. அவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை 'வாய்யா' என்பேன், அவர் என்னை 'சார்' என்பார். அன்றைக்கு எனக்கு அது உறுத்தவே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அவர் சீட்டு அனுப்பும் விதம் தனி. சர்க்கார் கொடுத்த அச்சிட்ட பாரம் முதல் வருடத்திலேயே தீர்ந்துவிட்டது. மறுபடி கேட்டு எழுதினார். அந்தக் கடிதம் என் மேசையில்தான் எங்கேயோ இருந்திருக்கவேண்டும். அவர் காத்திருக்கவில்லை. கச்சிராப்பாளையம் மளிகைக்கடையில் வருடப்பிறப்புக்குத் தரும் தினசரிக் காலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் மழையை எழுதி, ஒன்பது மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். முன்பக்கம் தேதி, கிழமை, ராகுகாலம், பின்பக்கம் மழை. தேதி தப்பவே தப்பாது. மழை இல்லாத நாளிலும் தாள் வரும். 'ஒண்ணும் இல்ல' என்று எழுதியிருக்கும். கண்டக்டர் தோல்பையில் வெற்றிலைப் பொட்டலத்துக்கும் டிக்கெட் கட்டுக்கும் நடுவில் அது மலையிறங்கி வரும். ஒரு முறை நான் கேட்டேன், ஒன்றுமில்லாததை அனுப்புவானேன் என்று. "ஒண்ணும் இல்லன்னு நீங்க எப்பிடி சார் தெரிஞ்சிக்குவீங்க?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் எளிய வழி ஒன்று இருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த வழி இதுதான். ஒரு ஊரிலிருந்து சீட்டு வரவில்லை என்றால் சட்டப்படி 'தகவல் இல்லை' என்று எழுதவேண்டும். அப்படி எழுதினால் ஏன் இல்லை என்று கடலூரிலிருந்து கேட்பார்கள், விளக்கம் எழுதவேண்டும், அதற்கு ஒரு நகல், நகலுக்கு ஒரு நினைவூட்டல். சைபர் என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சர்க்காரில் சைபரைப்போல மரியாதையான எண் வேறு கிடையாது. நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பேன். கள்ளக்குறிச்சியில் வெயிலடித்தால் சுற்றுவட்டாரம் முழுக்க வெயில். அப்படிப் பல ஊர்களின் மழையை என் நாற்காலியிலிருந்தே நிறுத்தியிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வந்தது. நம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த ஒரு வாரத்தை விளக்கவேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கைகோத்து நின்ற புளியமரங்களெல்லாம் ரோட்டின் குறுக்கே படுத்துவிட்டன. பஸ் இல்லை, பால் இல்லை, பேப்பர் இல்லை. ஊருக்குள் போலீஸ் லாரியின் சத்தம் மட்டும் கேட்டது. சில ஊர்களில் துப்பாக்கி வெடித்தது. வீடு திரும்பாதவர்கள் உண்டு. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வராது. என் வேடிக்கை என்னோடு சரி. நான் வாடகைக்கு இருந்த அறை ஆபீசுக்குப் பின்தெரு. ஆகவே ஏழு நாளும் ஆபீசுக்குப் போய், மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, முழுச் சம்பளத்துக்குத் தூங்கினேன். மலையிலிருந்து பஸ் வரவில்லை, சீட்டும் வரவில்லை. வானத்தைப் பார்த்தேன். நீலமாக இருந்தது. ஏழு சைபர் போட்டேன். டிரங்கால் மட்டும் வேலை செய்தது. கடலூரில் கேட்டுக்கொண்டவர், "சைபரா? சரி, சரி" என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டார். சைபரை மட்டும் அவர் தப்பாகக் கேட்டதே இல்லை.

எட்டாம் நாள் பத்தரை மணிக்கு வெள்ளையன் என் மேசைமுன் நின்றார். வேட்டி முழங்கால்வரை சேறு, அதன்மேல் புளிய இலை.

"பஸ்ஸே இல்லியே, எப்பிடிய்யா வந்த?"

"நடந்துதான். நேத்து மத்தியானம் எறங்கினேன். கச்சிராப்பாளையத்துல படுத்துக்கினு வெடிகாலைல பொறப்பட்டேன். ரோட்டுல நடந்த மாரியா கீது? மரத்துக்கு மரம் ஏறி எறங்கிக்கினு வந்தேன் சார். மலையே தேவல."

மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே ஏழு காலண்டர் தாள்கள். குண்டூசிக்குப் பதிலாக ஒரு காரை முள்ளால் குத்தியிருந்தார். வாங்கும்போது அது என் கட்டைவிரலில் ஏறியது. உறிஞ்சிக்கொண்டே முதல் தாளைத் திருப்பினேன். 'நாப்பத்தி ஒண்ணு.' அடுத்தது 'எழுவது அர.' நான்காவது தாளில் எண்ணே இல்லை. 'டப்பா நெறஞ்சி போச்சி. வழிஞ்சத அளக்க முடில' என்று எழுதியிருந்தது.

ஏழில் ஆறு நாள் கொட்டித் தீர்த்திருக்கிறது. இங்கே நான் விசிறி போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

"அறுக்கற சமயம் சார். சாம மொத்தமும் படுத்துக்கிச்சி. தண்ணியிலயே மொளச்சிப்போச்சி. ஊர்ல எல்லாரும் சொன்னாங்க, நீ போயி மழய எழுதிக் குடுத்துட்டு வா, கணக்குல ஏறுனாத்தான் சேதம் பாக்க ஆள் அனுப்புவாங்கன்னு."

அவர்கள் சொன்னது சரிதான். இத்தனை மி.மீ. தாண்டினால்தான் பயிர்ச்சேதம் பார்க்க வருவார்கள். மலையில் பெய்த மழைக்கு ஒரே சாட்சி அந்தத் தகர உருளை. அதன் வாயை நான் அடைத்துவிட்டிருந்தேன். சாமை போனால் அந்த வருடம் அந்த ஊருக்குச் சோறு போனதாக அர்த்தம். இன்னொரு பக்கம், சைபரைத் திருத்தினால் நான் பார்க்காமல் எழுதினேன் என்று ஆகும். நான் வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. என் அப்பா ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்திருந்தார்.

இந்த இடத்தில் என் மூளை வேகமாக வேலை செய்தது. அந்த ஆபீசில் அது வேலை செய்த சில தருணங்களில் இதுவும் ஒன்று.

"இப்பிடிப் பண்ணலாம். அடுத்த வாரத்துல இத கொஞ்சம் கொஞ்சமா சேத்துடறேன்."

"எத சார்?"

"இந்த மழையத்தான். கூட்டினா சரியா வந்துடும்."

வெள்ளையன் யோசித்தார். "அடுத்த வாரம் பேயலன்னா?"

"பேஞ்சதா எழுதிக்கலாம்."

"நான் ஒண்ணும் இல்லன்னு சீட்டு அனுப்புவேனே சார்?"

"அனுப்பாத."

"அனுப்பாம எப்பிடி சார்? அப்பறம், சாம இந்த வாரம் படுத்துக்கிச்சி, மழ அடுத்த வாரம் பேஞ்சிதுன்னா, வந்து பாக்கறவன் சிரிக்கமாட்டான்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். காலி நாற்காலிகள், கட்டுக்கட்டாகக் காகிதம், சுழலும் விசிறி.

"ஏன் சார், ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுக்கினு சண்ட போடறாங்களே, எதுக்காம்?"

"படிப்புக்கு, வேலைக்கு. கவர்மெண்ட்ல அவங்களுக்குன்னு பங்கு கேக்கறாங்க."

"கவர்மெண்ட் வேலன்னா?"

"இதுதான். நான் பாக்கறனே, இந்த மாதிரி."

என் மேசையையும், ஏழு சைபர் போட்ட பதிவேட்டையும், என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்வி ரோட்டில் நின்றவர்களைச் சுடவில்லை, என்னைத்தான் சுட்டது. அவர்கள் கேட்டது நியாயம். தலைமுறையாகக் களத்துமேட்டில் நின்றவன் ஒருநாளாவது நிழலில் உட்கார ஆசைப்படுவதில் என்ன தப்பு? அந்த நிழலுக்காக ஒருவன் உயிரையே கொடுக்கிறான். எனக்கு அது கிடைத்தபோது நான் படுத்துத் தூங்கினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சுட்டால் மனிதன் என்ன செய்வான்? காசை எடுப்பான். சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். "பசியோட வந்திருப்ப. போய் ஏதாச்சும் சாப்ட்டுட்டு ஊருக்குப் போ. நான் பாத்துக்கறேன்." அந்தப் பத்து ரூபாய் எதற்கு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

அரைமணியில் திரும்பி வந்தார். என் மேசையில் ஏழு ரூபாயும் சில்லறையும் வைத்தார்.

"ரெண்டு டீ, ரெண்டு பன்னு. இந்தாங்க மீதி. ஊர்ல கட கண்ணி எதுவுமே தொறக்கல சார், ஒரே ஒரு கட. எழுதிட்டீங்களா?"

வேறு வழியில்லாமல் ஹெட்கிளார்க்கிடம் போனேன். முப்பது வருட சர்வீஸ்காரர். எதையும் தூக்கிப்போட மாட்டார், எதிலும் மாட்டிக்கொள்ளவும் மாட்டார். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு முள்ளைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது கடலூருக்குப் போய்ட்டுது. இப்ப மாத்துனா மெமோ நிச்சயம். மாத்தலன்னா ஒண்ணும் ஆவாது. மலைக்காரன் வந்து எந்தக் கோர்ட்ல நிக்கப்போறான்? நீ கல்யாணம் ஆவவேண்டிய பையன்."

"நீங்களா இருந்தா இன்னா சார் பண்ணுவீங்க?"

"நானா இருந்தா மொதல் நாளே 'தகவல் இல்லை'ன்னு எழுதிட்டுத் தூங்கியிருப்பேன்."

வீரம் வந்து எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், வெள்ளையன் போகவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பஸ்ஸும் இல்லை, அவசரமும் இல்லை. ஐந்து மணிக்கு ஆபீசைப் பூட்டவேண்டும். நாலே முக்காலுக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். 'சீட்டு வராத காரணத்தால் சைபர் எனக் கருதப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் எழுதியும் பயனில்லை. கருதியவன் யார் என்று திருப்பிக் கேட்டார்கள். கருதியவனுக்கு மெமோ வந்தது. ஒரு இன்கிரிமெண்ட் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அந்த ஆறு மாதமும் மாதாமாதம் முதல் தேதியன்று வெள்ளையனை மனதுக்குள் திட்டினேன். மற்ற இருபத்தொன்பது நாளும் ஏனோ நிமிர்ந்து நடந்தேன். சம்பளம் குறைந்ததால் நிமிர்ந்தவன் அந்த ஆபீசில் நான் ஒருவன்தான்.

மலைக்குச் சேதம் பார்க்க ஆள் போனது. நிவாரணமும் வந்தது, வழக்கம்போலத் தாமதமாக, வழக்கம்போலக் கம்மியாக. அடுத்த முறை வெள்ளையன் மதிப்பூதியம் வாங்க வந்தபோது எவ்வளவு கிடைத்தது என்று கேட்டேன். அதற்குள் 'வாய்யா' என்பது 'வாங்க' என்று ஆகியிருந்தது. எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது.

"எனக்கா? நம்ம நெலத்துக்குப் பட்டா எங்க சார் கீது? பட்டா இருக்கறவனுக்குக் குடுத்தாங்க. எட்டு வூடு. நல்லதுதான்."

அவருடைய சாமையும்தான் படுத்துக்கொண்டது. அவர் அளந்த மழைக்கு, அவர் நடந்த நடைக்கு, மற்ற எட்டு வீட்டுக்குப் பணம் வந்தது. என்னால் பொறுக்கமுடியவில்லை. "இவ்வளவு கம்மி காசுக்கு இதெல்லாம் எதுக்குத்தான் செய்றீங்க?" என்று கேட்டேன். பெரிய பதிலாக ஏதோ வரப்போகிறது என்று தயாராக இருந்தேன்.

"நான் போயி ஊத்தலன்னா புட்டியில தண்ணி நிக்கும் சார். கொசு வரும்" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "காசு ஏத்திக் குடுக்கச் சொல்லி எழுதுங்க. குடுத்தா வாணாம்னா சொல்லப்போறேன்?" என்றார்.

எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை. காசுக்காக மட்டும் வேலை செய்யக்கூடாது என்று சொல்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாம் தேதி தவறாமல் சம்பளம் வாங்குகிறவர்களாக இருப்பார்கள். நானும் அப்படி வாங்கி முடித்து, இப்போது பென்ஷனும் வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. விழுப்புரம், திண்டிவனம், திரும்பவும் இங்கே, வேறு ஆபீஸ். நடுவில் ஒரு வருடம் பழைய ஆபீசுக்கே பொறுப்பாகப் போயிருந்தபோது அழிக்கவேண்டிய பழைய கட்டுகளின் பட்டியல் கையெழுத்துக்கு வந்தது. அதில் அந்தக் கோப்பும் இருந்தது. திறந்து பார்த்தேன். முள்ளை எடுத்துவிட்டு நான் குத்தியிருந்த சர்க்கார் குண்டூசி துருப்பிடித்து, ஏழு தாளிலும் ஓட்டை போட்டிருந்தது. விதிப்படி கையெழுத்துப் போட்டேன். வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

மகனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "இப்ப அந்தாளு எங்கப்பா?" எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாளே இரண்டு பேரும் மலைக்குப் போனோம். வெட்டியது போக மிச்சமிருந்த புளியமரங்களை ரோடு அகலம் செய்தபோது எடுத்துவிட்டார்கள். கச்சிராப்பாளையம்வரை நிழலே இல்லை. மலையில் தகர உருளை நின்ற இடத்தில் கம்பிவேலி, வேலிக்குள் ஒரு வெள்ளைக் கம்பம், சூரியத் தகடு, 'தொடாதே' என்று பலகை. மழையை அது தானே அளந்து தானே அனுப்பிவிடுகிறது. அறுபத்திரண்டு புள்ளி ஐந்து அதனுடையதுதான். நல்ல வேலைக்காரன், டீகூடக் கேட்பதில்லை. ஒன்பது மணி பஸ் இப்போதும் வருகிறது, டிக்கெட்டுக்கு மெஷின் வைத்திருக்கும் கண்டக்டரோடு. பையில் வெற்றிலை வாசனை இல்லை.

வெள்ளையன் வீட்டை ஒரு பெண் காட்டினாள். பூட்டியிருந்தது. மகன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருக்கிறானாம். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறதாம்.

"எப்பம்மா? எந்த மாசம்?"

"சாம அறுக்கறப்ப. அன்னிக்கி இன்னா மழ தெரியுமா சார்! ரெண்டு நாளு எடுக்கவே முடில."

"எவ்வளவு பேஞ்சிது?" என்று கேட்டுவிட்டேன். பழக்கம்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நல்ல மழ சார்."

வெள்ளைக் கம்பம் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. அன்றைக்குக் காலை எட்டரை மணிக்குத் தகர உருளையைப் போய்த் திறக்க ஆள் இல்லை. திறக்கவேண்டியவர் வீட்டுக்குள் கிடத்தப்பட்டிருந்தார். சீட்டு போயிருக்காது. கள்ளக்குறிச்சியில் என் பழைய நாற்காலியில் யாரோ ஒரு பையன் இருந்திருப்பான். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்திருப்பான். பிறகு பேனாவைத் திறந்து, அந்த நாளுக்கு நேரே என்ன போட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும்.